உரிக்காத பெயர்

ஹாகனில், மூன்றாம் மாடிக்கு வந்த அன்று
தபால்பெட்டியில் என் பெயரை ஒட்டினேன்.
கீழே இருந்ததை உரிக்கவில்லை.
பசை இறுகியிருந்தது, நகம் வலித்தது.
வேறு காரணம் ஒன்றுமில்லை, அன்றைக்கு.

இந்த நாட்டில் பெட்டியில் பெயர் இருந்தால்
ஆள் இருப்பதாகக் கணக்கு.

ஹில்டெகார்ட் வென்ஸ்கேவுக்கு
பல் வைத்தியரின் நினைவூட்டல்.
காதுக்கருவிக் கடையின் பிறந்தநாள் வாழ்த்து,
பத்து வீதக் கழிவோடு.
நூலகத்துக்கு இரண்டு யூரோ நாற்பது பாக்கி.
"இடம் தெரியாமல் பெயர்ந்தவர்" என்று
உறையில் எழுதி மஞ்சள் பெட்டியில் போடுவேன்.
என் ஜெர்மனில் பிழையில்லாத வரி அது ஒன்றுதான்.

அஞ்சலட்டைக்கு உறை இல்லை.
கண் பட்டால் வாசித்தாயிற்று.
"முழங்கால் பரவாயில்லை. ஏப்ரலில் வருகிறேன்.
ருபார்ப் கேக் செய்து வை. ஊவ."
கீல் நகரத்து முத்திரை.
அனுப்பியவர் முகவரி இல்லை,
திருப்பி அனுப்ப வழியும் இல்லை.
அவர் செத்தாரா, முதியோர் இல்லம் போனாரா,
கீழ்வீட்டு ஒஸ்மானுக்கும் தெரியாது.

ருபார்ப் என்றால் என்னவென்று
கடையில் கேட்டேன். காட்டினார்கள்:
சிவந்த தண்டு, கடித்தால் பல் கூசும் புளிப்பு.
இரண்டு வாங்கினேன்.

"அந்தப் பெயரைக் கிழித்தால் ஒன்றும் வராதே"
என்றாள் சிவதர்சினி.
ஏப்ரல் முடியட்டும் என்றேன்.

இன்று மே ஒன்பது.
குளிர்பெட்டியில் தண்டுகள் தொய்ந்து கிடக்கின்றன.
காலையில்தான் நகம் வெட்டினேன்,
ஒட்ட.