அரைப்பேர்

அன்று அக்கரப்பத்தனையில் விடியும்போதே
மழை மேசைவரை வந்திருந்தது.
முறைப்பாட்டுப் புத்தகத்தின் ஓரம் ஊறி வீங்கியிருந்தது.
யோகமலர், வயது முப்பத்தொன்று, கொழுந்தெடுப்பவர்,
மேற்பிரிவு, ஏழாம் லயம்.
இதுவரை எழுதுவது சுலபம்.

"கழுத்தப் புடிச்சாரு" என்றாள்.
தகரத்தில் மணலை இழுத்த மாதிரி ஒரு குரல்.
தடிமனா என்று கேட்டார் சார்ஜன்ட் விஜேகோன், சிங்களத்தில்.
நான் தமிழில் கேட்டேன்.
"இல்ல மிஸ், ராத்திரிக்கு அப்புறந்தான் இப்புடி."

ரத்தம்? இல்லை.
ஆயுதம்? கை.
கழுத்தில் ஒரு கோடு,
நிழலா அழுக்கா என்று சொல்ல முடியாதது.
கூடைக் கயிறு பட்டிருக்கும் என்று முடித்துவிட்டார்.
சேர், கூடைக் கயிறு உச்சந்தலையில் கிடக்கும்.
என் அம்மாவுக்கு அந்த இடத்தில்
இன்றும் முடி முளைப்பதில்லை.
இதை நான் சொல்லவில்லை.
தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் தேநீருக்குப் போன பிறகு
மேசைக் காலைப் பார்த்தபடி சொன்னாள்:
"லைட்டு அணஞ்சு அணஞ்சு வந்திச்சு மிஸ்.
புள்ள கத்துறது
மலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிச்சு.
முழிச்சா பாவாடையெல்லாம் ஈரம்.
அத மட்டும் எழுதாதீங்க."

எழுதவில்லை.

சிங்களத்தில் அதற்கு இரண்டு வினை.
பெல்ல அல்லுவா: கழுத்தைப் பிடித்தான்.
பெல்ல மிரிக்குவா: கழுத்தை நெரித்தான்.
அவள் சொன்னது புடிச்சாரு.
புருசனைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பெண்கள்
வினைக்கும் ஒரு முக்காடு போட்டுத்தான் அனுப்புவார்கள்.
நான் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்.
மொழிபெயர்ப்பில் பிழையில்லை.

அவர் எழுதியது: குடும்பத் தகராறு, சிறு காயம்.

லயத்தில் பிறந்தவளுக்கு இது பழகிய கணக்கு.
தராசில் இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர்.
நனைந்த கொழுந்தென்றால்
தண்ணீருக்கென்று தனிக் கழிவு.
மூச்சு நின்ற நேரத்தை எதில் வைத்து நிறுப்பது?

வைத்தியப் படிவம் கொடுத்தோம்.
நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ்,
போனால் அன்றைக்குப் பேரே இல்லை.
படிவம் திரும்பி வரவில்லை.
மத்தியஸ்த சபையில் மூன்று தவணை.
முதலாவதுக்கு அவன் வரவில்லை, இரண்டாவதுக்கு அவள்.
மூன்றாவதுக்கு ஒரே குடையில் வந்து
கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.
முடிவு: இணக்கம்.

இரண்டு வருடம் கழித்துக் கண்டியில் ஒரு பயிற்சி.
ஒரு பெண் டாக்டர் பலகையில் எழுதினார்:
மாறிய குரல். கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளி.
தன்னையறியாமல் போகும் சிறுநீர்.
தோலில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.
இந்த ஆள் எங்கே வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்
தெரியுமா என்று எங்களைக் கேட்டார்.
எங்கே திரும்பினாள் என்று எனக்குத் தெரியும்.
ஏழாம் லயத்துக்கு.

போன மாதம் இரவு டியூட்டியில்
பழைய புத்தகங்களை இறக்கிப் பார்த்தேன்.
ஐந்து வருடத்தில் அல்லுவா இருபத்து மூன்று இடத்தில்.
காயம் இல்லை, காயம் இல்லை, கூடைக் கயிறு,
ஓரிடத்தில் தாலிக்கொடி.
பதிவைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.
ஓரத்தில் சிவப்புப் பேனையால்
ஒவ்வொரு புள்ளி வைத்தேன்.

இன்று காலை இன்னொருத்தி.
சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
அதே புடிச்சாரு.
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
அதை யாரும் கேட்பார்களென்று நினைத்திருக்கவில்லை போல.
யோசித்தாள்.
"டீவியில ஒரு விளம்பரம் முடிஞ்சு
அடுத்தது வந்திச்சு, அதுக்கப்புறம் தெரியல."

என்ன சொல்கிறாள் என்று கேட்டார் சார்ஜன்ட்.
மிரிக்குவா, என்றேன்.
என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.
அவர் பேனை தாளைத் தொடும்வரை
நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.