கால் சுற்று

படம் நாளைக்கே வேணும் என்றார் தேசப்பன்.
திங்கட்கிழமை தாசில்தார் முன்னால் விசாரணை.
ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்குள்,
நம்ம பாடு எதுவரை, அவங்க பாடு எதுவரை
என்று காட்டும் கழிகள்
முழங்கால் தண்ணீருக்கு அடியில் நிற்கின்றனவாம்.
"உள்ள இருக்கிறத எடுக்க முடியுமாம்மா?"
கல்யாணப் படம் எடுக்கிறவள் நான்.
முடியும் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி பையைக் கவிழ்த்தேன்.
யு.வி. கண்ணாடியின் ஓரத்தில் விரிசல்,
கும்மிடிப்பூண்டி மண்டபத்தில் சோடா மூடி தெறித்தது.
அது உடைந்ததால் லென்ஸ் பிழைத்தது,
இன்னும் தூக்கிப்போட மனசு வரவில்லை.
பத்து ஸ்டாப் என்.டி., வெல்டிங் கண்ணாடிக் கறுப்பு.
அதை மாட்டி ஒருநாள் செக்போஸ்டை எடுத்தேன்,
இரண்டு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து.
லாரிகள் எல்லாம் கரைந்துபோயின.
மிஞ்சியது ஒரே ஆள்:
சீட்டு சரியில்லை என்று
ஓரமாக நிற்கவைத்த டிரைவர்.

வேண்டியது போலரைசர்.
என்னிடம் இருந்தது எழுபத்தேழு. லென்ஸோ அறுபத்தேழு.
நடுவில் ஒரு பித்தளை வளையம்,
பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தரகர் மாதிரி.
மாட்டினால் ஹூட் ஏறாது. தொப்பியால் மறைத்துக்கொள்ளலாம்.

ஒன்பது மணி.
படகை வடக்கு முகமாக நிறுத்தச் சொன்னேன்,
சூரியன் என் வலது தோளில் விழ வேண்டும்.
நேர் கீழே பார்த்தால் பலனில்லை,
தொலைவைப் பார்த்தாலும் இல்லை.
சாய்ந்த பார்வைக்குத்தான் தண்ணீர் இசையும்.
இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கண்ணாடிக்குக் கூலி.
ஏரி முழுக்க வானம், தகரம் போல.
தூரத்தில் பூநாரைகள்,
அவற்றின் காலடியில் தலைகீழாக இன்னொரு வரிசை.

போலையா தன் படகில் வந்து
இருபதடி தள்ளி நின்றார்.
"ஏமி ஃபோட்டோ?"
எங்கள் படகில் யாரும் பதில் சொல்லவில்லை.

முன்வளையத்தைத் திருப்பினேன்.
வானம் உரிந்தது.
பாசி. நண்டு போன கோடு. அறுந்த வலை.
அப்புறம் கழிகள்,
கறுத்து, சிப்பி அப்பி, கிழக்கு மேற்காக.
எடுத்தேன்.
படகு வடக்கே நகர்ந்தது.
முப்பது பாகம் தள்ளி இன்னொரு வரிசை.
சவுக்கு. பட்டைகூட உரியவில்லை.
கட்டியிருந்த நைலான் கயிறு நீலம்.
எங்கள் நங்கூரக் கயிறும் நீலம்.
அதையும் எடுத்தேன்.

தேசப்பன் திரையைப் பார்த்தார்.
குனிந்து கயிற்றைச் சுருட்டினார்,
சுருட்டியிருந்ததையே மறுபடி.
"அந்தக் கண்ணாடியத் திருப்பிடுங்கம்மா."
கால் சுற்று.
வானம் வந்து ஏரியை இழுத்து மூடியது.
நாரைகள் மறுபடி இரண்டிரண்டாயின.
அழகான படம். எடுத்தேன்.

"கழட்டிடுங்களேன்."
கழலவில்லை. உப்புக் காற்றில் வளையம் பிடித்துக்கொண்டது.
இறுக்கிப் பிடித்தால் இன்னும் இறுகுவது அதன் குணம்.
போலையா படகை ஒட்டிக் கொண்டுவந்தார்.
துடுப்பில் சுற்றியிருந்த டியூப் ரப்பரை அவிழ்த்து,
வளையத்தில் சுற்றி, விரல் நோகாமல்,
ஊறுகாய் ஜாடி திறப்பதுபோல் திறந்தார்.
கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து
தண்ணீரைப் பார்த்தார்.
திருப்பினார். திருப்பினார்.
ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்தார்.

சாயங்கால ரயிலில்
பில்டரை எடுத்துப் பார்த்தால்
அவருடைய கட்டைவிரல் ரேகை, சுற்றிலும் உப்பு.
ஊதித் துடைக்கப் போனேன், போன் அடித்தது.
திரையில் தேசப்பன்.
கண்ணாடியை மேலே பிடித்தேன், பெயர் தெரிந்தது.
கால் சுற்று திருப்பினேன்.
திரை கறுத்தது.
மணி மட்டும்
அடித்துக்கொண்டே இருந்தது.