பதினொரு நாள்

பத்து நாள் உழைக்கும் என்கிறது அட்டை.
எனக்கு நாலு.
சில வாரம் மூன்றரை.

கருவியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்த
கம்படோஸ் கடைக்காரி
"குளிக்கும்போது கழற்றுவீர்களா?" என்றாள்.
கழற்றுவேன்.
கடலை எப்படிக் கழற்றுவது என்று கேட்கவில்லை.
அவள் மேஜைமேல் அரோசா விரிகுடாவின் படம் இருந்தது,
நல்ல வெயில் நாளில் எடுத்தது.

சிப்பித் தெப்பத்தில் வேலை எனக்கு.
மேலே தைலமரக் கட்டைகள், கீழே ஐநூறு கயிறு,
கயிறு தெரியாமல் கருநீலச் சிப்பி.
தூறல் காதுமடலுக்குப் பின்னால் புகுந்து
அந்தச் சின்னக் கதவுக்குள் குடியேறிவிடுகிறது.
தகட்டில் வெள்ளை மாவு, ஓரத்தில் பாசிப்பச்சை.
பல்குச்சியில் பஞ்சு சுற்றி வினிகர் தொட்டுச் சுரண்டுவேன்.
சிப்பிக்கு ஊற்றுகிற அதே வினிகர்.

ஆரஞ்சு ஒட்டைப் பிரிக்கும்வரை பேட்டரி தூங்கும்.
பிரித்தால் மூச்சு விடும்.
விட ஆரம்பித்ததை
மறுபடி ஒட்டி நிறுத்த முடியாது. முயன்றிருக்கிறேன்.

பிரித்த ஒட்டுகளை நாட்காட்டியில் ஒட்டுவேன்.
ஜனவரி முழுக்க அம்மை போட்ட மாதிரி.
தம்பி எலாடியோ சிரிப்பான்.
அவன் கத்துவதைக் கேட்டே பாதி பேட்டரி போகிறது:
"பால்பினா, கிரேன்! பால்பினா, கயிறு!
அடி செவிடே!"

ஆகஸ்டில் மட்டும் பெரிய வெள்ளை.
ஏழாம் தேதி ஓர் ஒட்டு. அடுத்தது பதினெட்டு.
சந்தியாகோ ஆஸ்பத்திரி, நாலாம் மாடி நடைவழி,
ஏசிக் காற்று.
அவன் தொண்டையில் குழாய்.
நர்ஸ்களின் ரப்பர் செருப்பு, லிஃப்ட் மணி,
இரண்டு நாளுக்கொருமுறை டாக்டரின் இரண்டு வாக்கியம்.
கேட்க வேறொன்றுமில்லை.
பேட்டரி அதுபாட்டுக்கு உழைத்தது.
அழுகை வந்தபோது, பழக்கத்தில்,
கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள்.
உதடு அசைந்தது. அந்த நேரம் பார்த்து
காதுக்குள் மூன்று பீப். பிறகு பஞ்சு.

புதியதைப் பிரித்தால் ஒரு நிமிஷம்
காற்றாட வைக்க வேண்டும்.
உள்ளங்கையில் வைத்தேன்.
அறுபதுவரை எண்ணினேன், ஒன்றையும் விடாமல்.
அவன் வாயை மூடிக் காத்திருந்தான்.

"என்னடா சொன்னே?"
"கயிறெல்லாம் யார் பார்க்கிறாங்க?"
மணலை அரைத்த மாதிரி ஒரு குரல்.

அக்டோபரில் திரும்பத் தெப்பம் ஏறினோம்.
மூன்றாம் நாளே செத்தது, பச்சை பூத்து.
கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.
ஆறு அட்டை வாங்கினேன்.