நரம்பு

தெற்குவாடியில் ஜீப் மணலில் புதைந்துகொள்ள
மருந்துப்பெட்டியோடு நடந்தே போனோம்.
பணியில் சேர்ந்து பத்தொன்பதாம் நாள்.

செபஸ்தியம்மாளின் கை வீங்கியிருந்தது.
கடல்பாசி பிடுங்கிய விரல்கள்,
நகக்கண் ஓரம் பாறை கிழித்த பழைய வெட்டுகள்.
மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன்.
"நரம்பு கிடைக்கல"
சிஸ்டர் பெனாசிரிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.

வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த இன்னாசிமுத்து
எழுந்து போய்
ஒரு சுருள் தூண்டில் நரம்பை எடுத்துவந்து நீட்டினார்.
"நாப்பதாம் நம்பர். போதுமா டாக்டர்?"

முதலில் சிரித்தது அவள்தான்,
சிரித்தால் விலாவில் கொத்தும் என்று தெரிந்தே.

தோலுக்கடியில் போட்டால் போதும் என்றாள் பெனாசிர்
என் முகத்தைப் பார்க்காமல்.

மார்பின் இறங்கி
முழங்கால் மடங்கியது தளர்ந்தபின்
அவள் விரலை நீட்டினாள்.
மோதிரம் சதைக்குள் முங்கிக் கிடந்தது.
"ஏழு தடவை அடகுக்குப் போய்த் திரும்புனது.
செத்தப்புறம் வெட்டித்தான் எடுப்பாக.
இப்பவே கழட்டு. இன்ஜினுக்கு ஆகும்."

அதே சுருளில் இரண்டு முழம் வெட்டினேன்.
ஒரு முனையை மோதிரத்துக்கடியில் நுழைத்து
மீதியை விரலில் நெருக்கிச் சுற்றி
சோப்பு தடவி
அடிமுனையிலிருந்து அவிழ்க்க அவிழ்க்க
மயிரிழை மயிரிழையாய் நகர்ந்தது தங்கம்.
கணுவில் நின்றது.
அவள் கண்ணை மூடவில்லை,
இன்னாசிமுத்துதான் மூடிக்கொண்டார்.

பிறகு என் கையில் அது சூடாக இருந்தது.
அவள் விரலில், வெயில் படாத ஒரு வளையம்.

ஜீப்பைத் தள்ள நாலு பேர் வந்தார்கள்.
இன்னாசிமுத்துவும் வந்தார்.
ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு
மறு கையால் மட்டும் தள்ளினார்.