நூற்றுப் பன்னிரண்டு

கபேட் கதவொன்றின் மறுமுனையைப் பிடிக்க
ஆள் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.
நிஸ்தார் மார்ச்சில் டோஹாவுக்குப் போய்விட்டான்.
அவன் போன பிறகு ஒட்டிய முதல் சட்டகம்
பசை காயுமுன்னே நழுவிச்
சாய்சதுரமாய் நின்றது.
வெள்ளவத்தை வீட்டுக்காரி அதையும்
புது ஃபேஷன் என்று நம்பியிருப்பாளோ என்னவோ,
நான் கொடுக்கவில்லை.
டயர் கடைக்காரர்கள் அதில் இரண்டு நாள் தேத்தண்ணி கொதிக்க வைத்தார்கள்.

தெமட்டகொடையில், அந்த டயர் கடைக்குப் பின்னால்,
ரயில் போனால் ஆணி டப்பா நடுங்கும் அறை.
அதிலொரு மேசை. விளிம்பில் மட்டும் பிடி கொடுக்கும்.
கிளாம்ப்புக்கு விளிம்பு வேண்டும்;
நடுவில் கிடக்கும் மரத்துக்கு
விளிம்பு எட்டாது.

ஆகவே ஓட்டை.
முதலில் தாளில், சதுரக்கோட்டுக் கொப்பியில்,
கரண்ட் போன இரவில், போன் வெளிச்சத்தில்:
நீளம் ஆயிரத்து எண்ணூறு மில்லிமீற்றர், அகலம் எழுநூற்றைம்பது,
துளை இருபது,
மையத்துக்கு மையம் தொண்ணூற்றாறு.
நெருக்கினால் பலகை சல்லடை.
விலக்கினால் எந்தக் கிளாம்ப்பும்
வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் தள்ளியே நிற்கும்.
பதினெட்டு நிரல், ஏழு நிரை.
பெருக்கினேன், நூற்று இருபத்தாறு.
அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு ஓடுகிறது;
அவற்றின் தலையில் விழும் பதினாலை
அழிறப்பரால் எடுத்தேன்.

துளை ஒவ்வொன்றும் அவன் கை இருந்த இடம்
என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
பொய்.
அவன் கை ஒருநாளும் சொன்ன இடத்தில் இருந்ததில்லை.
"விட்டுரவா அக்கா?" என்று கேட்டு,
கேட்கும்போதே விட்டுவிடுகிற கை.

பதினெட்டு மில்லி பிளைவூட் இரண்டை ஒட்டி
மேலே தண்ணீர்க் கான் ஆறு, ஒரு தையல் மெஷின்,
இரவல் வாங்கிய லொறி டயர் இரண்டு.
கிளாம்ப் மேசையை
கிளாம்ப் இல்லாமல்
இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

பஞ்சிகாவத்தையில் வாங்கிய அலகு
எழுபதாவது துளையில் மழுங்கியது.
பாண் கருகிய மாதிரி ஒரு வாசம்.
எண்பத்து மூன்றில் ரயில் வந்தது,
கை இரண்டு மில்லிமீற்றர் விலகியது.
அந்தத் துளையைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம்:
அளவுக்கு நம்பாதே, பிடிக்க நம்பலாம்.

கிளாம்ப்பின் நகரும் தாடையைக் கழற்றி,
கம்பியைக் கீழிருந்து துளைக்குள் ஏற்றி,
மேலே தாடையை மறுபடி மாட்டி,
ஒரு முறுக்கு. இன்னும் அரை.
மேசையின் நட்ட நடுவில்
பலாப்பலகை ஒன்று
இழைப்புளிக்கு அசையாமல் கிடந்தது.
யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது.
மணி பதினொன்று. கூப்பிடவில்லை.

வெள்ளி இரவு நிஸ்தார் வீடியோவில் வந்தான்.
முதுகுக்குப் பின் இரட்டைத் தட்டுக் கட்டில்,
யாருடையதோ காயப்போட்ட சாரம்.
மேசையைக் காட்டினேன்.
"கேரம் போர்டுக்கு நாலு ஓட்டை போதுமே அக்கா."

அப்போதுதான் இழுப்பறை மூலையில் பசை பூசியிருந்தேன்.
இருப்பது நாலு கிளாம்ப், மூன்று கதவில்.
நாலாவதை
நாலாம் நிரை, ஒன்பதாம் துளையில் ஏற்றி,
பழைய பனியன் துணி சுற்றி,
போனை நிமிர்த்திப் பிடித்தேன்.
எட்டு வருஷத்தில் முதல் தடவை
அவன் வைத்த இடத்தில் நின்றான்.
கண்ணாடி விரியுமோ என்று
அரை முறுக்குத் தளர்த்தினேன்.

இரண்டு மாதம் சம்பளம் வரவில்லையாம்.
அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது
திருகாணி ஒன்று உருண்டுபோய்
ஏதோ ஒரு துளையில் விழுந்தது.
"என்ன விழுந்தது?"
பசை காய இன்னும் இருபது நிமிஷம்,
மூலை என் இரண்டு கைக்குள்.
ஒன்றுமில்லை என்றேன்.
நீ சொல்லு.