பட்டியலில் இல்லாத ஊசி

மொந்தெவிதேயோ துறைமுகத்தில் ஜூலை, குளிர்காலம்.
கம்பளிப் பொதிகள் கிடந்த கிடங்குக்கு
வெள்ளையடித்துக்
காட்சிக்கூடம் என்று பெயர் வைத்தாகிவிட்டது.
மழை பெய்தால் மட்டும் சுவர்
பழைய ஆட்டு வாடையை ஒப்புக்கொள்கிறது.

வந்து சேர்ந்தவை இருநூற்றுப் பதினொன்று.
மாட்ட இடம் முப்பத்தெட்டு.
நடுவர் மூவர்.

அதற்கு முன்னால் அந்துப்பூச்சி பயம்.
படைப்புகளை உறைக்குள் இட்டுக் காற்றைப் பிழிந்து
பக்கத்து இறைச்சிக் கம்பெனியின் குளிரறையில்
ஒரு வாரம் வைத்தார்கள், மைனஸ் முப்பதில்.
மேலே கொக்கிகளில் ஆடுகள்.
கீழே பலகைகளில் ஆட்டு ரோமம்,
சாயம் ஏறி, முடிச்சு விழுந்து, தலைப்பு சூடி.
எது யாருடையது என்று
இரண்டு பக்கமும் கேட்கவில்லை.
பதிவேட்டுக்காரி ஒதிலியா
விறைத்த விரலால் எண்களை மட்டும் சரிபார்த்தாள்.

தேர்வு நாள்.
மீன்வலையில் கோத்த மாத்திரை அட்டைகள்: உள்ளே.
தீயணைப்புக் குழாயைப் பிரித்து நெய்த திரை: உள்ளே.
நாலு மீட்டர் அந்திவானம், குற்றமே இல்லாதது: வெளியே.
"குற்றமே இல்லை என்பதுதான்..." என்ற பால்தசார்
வாக்கியத்தை முடிக்காமல் மாத்தே உறிஞ்சினார்.

நூற்றுப் பதினேழு.
அனுப்பியவர் நியேவெஸ் எச்செவெரி, தக்குவாரெம்போ.
பொருட்கள்: கம்பளி, சணல்.
கதவளவு நெசவு, அடுப்புச் சாம்பல் நிறம்.
வலது கீழ்மூலையில்
பாதி உள்ளே பாதி வெளியே
ஓர் ஊசி.

நாற்பது நிமிடம் ஊசியே பேச்சு.
"முடிய மறுக்கிற வேலை" என்றாள் எல்விரா.
போர்த்தோ அலெக்ரேயிலிருந்து வந்திருந்த வால்தெமார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி
"காயமும் இது, தையலும் இது" என்றார்.
நாம் காது என்பதை
இவர்கள் கண் என்கிறார்கள்.
பால்தசார் மண்டியிட்டு
அந்தக் கண்ணுக்குள் தன் கண்ணை வைத்தார்.
"நூல் இல்லை. அதுதான் துணிச்சல்."
மூன்று கைகள் உயர்ந்தன. உள்ளே.
வெள்ளிப் பதக்கத்துக்கும் சிபாரிசு.

ஆனால் படிவத்தில் ஊசி இல்லையே.
விட்டுப்போனதைக் கேட்டெழுதுவது ஒதிலியாவின் வேலை.
தொலைபேசியில் முதலில் நாய், பிறகு வானொலி,
பிறகு நியேவெஸ்:
"அடப்பாவி, அங்கேயா இருக்கு!
மூணு வாரமா மெத்தையைப் புரட்டிப் போட்டுத் தேடுறேன்.
பஸ்ஸில் போட்டு விடு பெண்ணே,
அந்த நீளத்தில் இங்கே கிடைக்காது."

பதக்கத்தைப் பற்றிச் சொன்னாள்.
"ஊசிக்கா?"
"ஊசியோடு சேர்த்து."
நாய்கூடக் குரைக்கவில்லை.
"சரி, இருந்துட்டுப் போகட்டும்.
வேற ஒண்ணு வாங்கி அனுப்பு.
பரிசுப் பணத்தில் கழிச்சுக்கோ."

ஒதிலியா நடுவர்களிடம் சொன்னாளா?
சணலுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து
'ஊசி' என்று எழுதினாள்.
பொய் என்றால் அவ்வளவு பொய்.
மெய் என்றாலும் அவ்வளவுதான்.

ஆறு வாரம்.
பள்ளிப் பிள்ளைகள் அதைத் தொடப் பார்த்தார்கள்.
ஒரு பல் மருத்துவர் முழு வேலைக்கும் விலை கேட்டார்.
ஒவ்வோர் இரவும் காவலர் எலியோதோரோ
டார்ச்சோடு சுற்றி வந்து நோட்டில் எழுதினார்:
117. ஊசி உண்டு.

இறக்கும் நாளில்
நிலை அறிக்கைப் புகைப்படத்தைப் பிடித்துப் பார்த்தாள்.
ஊசி
இரண்டு விரல் இடப்பக்கம் நகர்ந்திருந்தது.
காதில், இல்லை கண்ணில்,
கறுப்பு நூல் ஒரு துணுக்கு.

வாசலில் எலியோதோரோ
பெட்டிகளுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
திறப்பு விழாவன்று
கீழே விழட்டுமா என்று தொங்கிய
ஓவர்கோட்டின் இரண்டாம் பொத்தான்
இப்போது கல் மாதிரி இருந்தது.

அவர் வானத்தைப் பார்த்தார், மழை வரும் என்றார்.

ஒதிலியா படிவத்தை விரித்தாள்.
கம்பளி, சணல், ஊசி.
இன்னொரு காற்புள்ளி வைக்கலாமா என்று
பேனாவைத் தூக்கியபடி நின்றாள்.
வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.