கிராண்ட்

மேயோவின் மேற்கு ஓரம். மழை சாய்ந்தடிக்கிறது.
தபால்காரர் ஃபின்டன் தொப்பியைப் பிழிந்துகொண்டே
"கிராண்ட்" என்கிறார்.
நனைந்தால் என்ன, பரவாயில்லை.

நம் கல்யாண மண்டபத்து கிராண்ட் இல்லை இது.
சரிகை கிடையாது, சீரியல் விளக்கு கிடையாது.

இன்னொரு கோப்பை டீ?
கிராண்ட். வேண்டாம்.
கன்று கால்மாறி வந்ததே, பசு?
கிராண்ட். பிழைத்துக்கொண்டது.
இருபது சென்ட் குறைகிறது.
கிராண்ட், விடு.
கதவுப்பிடியில் கைவைத்துச் சொன்னால்
பேச்சு முடிந்தது, கிளம்பு.

மார்ச் கடைசியில்
சாயங்காலம் கொஞ்சம் நீண்டு கிடந்தால் மட்டும்
சொல் தன் பழைய பட்டுச்சட்டையை
ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கும்.

அட்ராக்டா கூரை ஓடு மாற்ற ஏறி விழுந்தாள்.
இடுப்பெலும்பு இரண்டு இடத்தில்.
லாகோஸிலிருந்து வந்து ஒரு வாரமே ஆன டாக்டர்
கேட்டார்: வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள்?
"கிராண்ட்."
அவர் ஒன்று என்று எழுதினார்.
நர்ஸ் கன்செப்டா, பக்கத்து ஊர்க்காரி,
பேனாவை வாங்கி
ஒன்றை ஒன்பதாக்கினாள்.

ராத்திரி பெர்த்திலிருந்து மகன்.
"எப்படிம்மா இருக்கே?"
"கிராண்ட்டா."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
விமான டிக்கெட் தேடும்
விசைகளின் சத்தம் மட்டும்.